ஹேசல்மியர் டேமில் மீன் இருக்கா? டர்பன் பக்கம் தூண்டில் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரத்திலிருந்து டர்பனுக்கு வேலைக்கு வந்து பதினாறு வருஷமாகிறது. வீடு வெருலத்தில். அங்கிருந்து ஹேசல்மியர் அணை பக்கம்தான், அதனால் மழைக்காலச் சனிக்கிழமைகளில் பாதியை அந்தக் கரையில் கழித்திருக்கிறேன். கோவிலில் பார்க்கிறவர்கள், ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று எல்லாரும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். தனித்தனியாகப் பதில் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அண்ணா, அது ஏரியா, டேமா? அதுல மீன் யார் விட்டது?

டேம்தான். உம்ட்லோட்டி ஆற்றின் குறுக்கே 1970-களில் கட்டியது, வடகரை ஊர்களுக்குக் குடிதண்ணீர் தருவது. தென்னாப்பிரிக்காவில் இயற்கையான ஏரிகள் மிகவும் குறைவு. நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்திலேயே வடக்கே சிபாயா மாதிரி சில இருக்கின்றன, மற்றபடி இங்கே நன்னீரில் தூண்டில் என்றால் டேமில்தான்.

மீனில் பாதி யாரும் விட்டதில்லை. ஆற்றில் ஏற்கனவே இருந்தவை, தண்ணீர் தேங்கியபோது உள்ளேயே தங்கிவிட்டன. மீதி மனிதர் கொண்டுவந்தவை. எது எந்தப் பக்கம் என்று அடுத்த இரண்டு பதில்களில் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் பல கேள்விகளுக்கு அதுதான் அடிப்படை.

என்னென்ன மீன் கிடைக்கும்?

ஐந்தைத் தெரிந்துகொண்டால் போதும். ஜிலேபி; டர்பன்காரர்கள் பிரீம் என்பார்கள், ஜோஹன்னஸ்பர்க் பக்கம் போனால் குர்ப்பர். அடுத்தது பார்பல், அதாவது ஆப்பிரிக்கக் கெளுத்தி: தட்டைத் தலை, நீள மீசை, செதில் இல்லாத வழவழப்பான தோல், ஒரு மீட்டரைத் தாண்டியும் வளரும். மூன்றாவது கார்ப், நம்மூர்ப் பண்ணைக்காரர்கள் சாதாக் கெண்டை என்று வளர்க்கும் அதே மீன். நான்காவது பாஸ், வட அமெரிக்க மீன், 1928-ல் இந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது, பெரிய வாய், மற்ற மீன்களைப் பிடித்துத் தின்னும். கார்ப் அதற்கும் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

ஐந்தாவது ஸ்கேலி. எனக்குப் பிடித்ததும் அதுதான். பெரிய செதில், வெயில் பட்டால் பித்தளைச் சொம்பு மாதிரி மின்னும் உடம்பு. குவாசூலு-நேட்டால் ஆறுகளைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாகக் கிடையாது. நம் மாசீர் மீனுக்குச் சொந்தக்கார இனம். வெயில் காலம் தொடங்கும்போது ஆற்றில் மேலேறி, ஓடும் தண்ணீரில் கூழாங்கல் படுகையில்தான் முட்டையிடும், தேங்கிய தண்ணீர் அதற்கு ஆகாது. ஆகவே அணையில் உங்கள் முள்ளில் வரும் ஒவ்வொரு ஸ்கேலியும் மேலே ஆறு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

எப்போதாவது விலாங்கும் மாட்டும். இந்து மகாசமுத்திரத்தில் பொரித்து, விரல் நீளக் குஞ்சாக ஆற்றில் நுழைந்து, ஈரச் சுவர்களில்கூட ஊர்ந்து ஏறி வந்து, பல வருஷம் நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும் மீன். மாட்டினால் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது வந்த தூரத்துக்காவது.

ஜிலேபியா? நம்ம ஊர் ஜிலேபியா அது? இங்க எப்படி வந்துச்சு?

அதே மீன்தான், ஆனால் இங்கே வரவில்லை, இங்கிருந்துதான் போனது. ஜாம்பெசி ஆற்றிலிருந்து தெற்கே இந்தக் கிழக்குக் கரை ஆறுகள் முழுக்க அதன் பிறந்த வீடு. இந்தியாவுக்குக் கொண்டுபோனது 1952-ல். சின்ன வயசில் எங்கள் ஊர்க் கண்மாயில் நான் பிடித்ததெல்லாம் இதன் வாரிசுகள். பார்பல் கதையும் அப்படித்தான்: உள்ளூர் மீன்களை அழித்துவிடும் என்று இந்திய அரசு 2000-ல் தடை செய்த ஆப்பிரிக்கக் கெளுத்தி இதுவே. ஊரில் எல்லாரும் ஏசும் இந்த இரண்டும் இங்கே வீட்டுப் பிள்ளைகள், ஊரில் விரும்பி வளர்க்கும் சாதாக் கெண்டை இங்கே வந்தேறி. மீன் நல்லதா கெட்டதா என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தண்ணீரில் என்று கேட்க வேண்டும்.

இதன் குடும்ப வாழ்க்கையைப் பார்த்தால் பிடிக்கவே மனசு வராது. ஆண் மீன் ஆழமில்லாத இடத்தில் மணலைத் தோண்டிச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் குழி பண்ணும். பெண் அங்கே முட்டையிட்டு, அதைத் தன் வாய்க்குள் எடுத்துக்கொண்டு, பொரித்துக் குஞ்சுகள் நீந்தும்வரை கிட்டத்தட்ட மூன்று வாரம் சுமக்கும், அந்த நாட்களில் பெரும்பாலும் இரை தின்னாது. ஒரு ஜனவரியில் கார்ப்புக்குப் போட்ட முள் ஒரு பெண் ஜிலேபியின் துடுப்பில் தைத்து வந்துவிட்டது. தாடை உப்பியிருந்தது. முள்ளை எடுக்கத் தூக்கியதும் வாய் திறந்து என் உள்ளங்கையில் குஞ்சுகளைக் கொட்டியது, அரிசியைவிடச் சின்னவை, கண் மட்டும் கறுப்புப் புள்ளியாக. அப்படியே கையைத் தண்ணீருக்குள் இறக்கினேன். தாயும் அங்கேயே கொஞ்சம் தள்ளி நின்றது, குஞ்சுகள் ஒரு சின்ன மேகம் மாதிரி அதன் முகத்தைப் பார்த்துப் போயின.

லைசென்ஸ் வேணுமா?

வேணும். நன்னீர் மீன்பிடிக்கு எசெம்வெலோ என்ற மாகாண வனவிலங்குத் துறையின் உரிமம் வாங்க வேண்டும். கடல் மீன்பிடிக்கு வாங்கியது இதற்குச் செல்லாது, நிறையப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். அணைக்கரையை நிர்வகிப்பது உம்சின்சி என்ற நிறுவனம், அதன் வாசலில் நுழைவுக் கட்டணம் தனி. உரிமம் வாங்கும்போதே எந்த மீன் எத்தனை எடுக்கலாம், எந்த அளவுக்குக் கீழே எடுக்கக் கூடாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்ன இரை? மண்புழு போதுமா?

ஜிலேபிக்கு மண்புழு, தக்கை, சின்ன முள், மெல்லிய தங்கூஸ், இவ்வளவு போதும். ரொட்டி உருண்டையும் எடுக்கும். பார்பலுக்குக் கோழி ஈரல், அல்லது கொஞ்சம் வாடை வந்த மீன் துண்டு. கண்ணைவிட மீசையை நம்பும் மீன் அது, வாடைதான் கூப்பிடும்.

கார்ப்புக்கு இங்கே எல்லாரும் போடுவது சோளமாவு உருண்டை. வெருலத்து அங்கிள் ஒருவர், நாலு தலைமுறைக் குடும்பம், எனக்குச் சொல்லிக்கொடுத்த பக்குவம்: மாவை வெந்நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைந்து, பொடித்த சோம்பும் கொஞ்சம் தேனும் சேர்த்து, கொழுக்கட்டைக்குப் பிசைகிற மாதிரி கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். தண்ணீர் கூடினால் வீசும்போதே உதிர்ந்துவிடும். முள்ளில் அவித்த சோளமணி இரண்டு, ஈயத்தைச் சுற்றி இந்த மாவு. மாவு கரைந்து பரவ, கார்ப் தேடி வந்து மணியை எடுக்கும்.

பாஸுக்குப் போலி மீன், ரப்பர் புழு. ஆனால் அது கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். ஹேசல்மியர் தண்ணீர் பல நாள் தேநீர் நிறத்தில் கிடக்கும், அப்போது அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள்.

எந்த மாசம் போனா மீன் கிடைக்கும்?

காலண்டரைத் தலைகீழாகப் பிடியுங்கள். இங்கே ஆனி, ஆடி குளிர்காலம், மார்கழி, தை வெயிலும் மழையும். ஜிலேபி வெப்பத்தை விரும்பும் மீன். தண்ணீர் குளிர்ந்தால் ஆழத்துக்குப் போய், இரையைக் கண்டுகொள்ளாது. ஜூன், ஜூலையில் புதிதாகப் போய் ஏமாந்து வந்தவர்கள்தான் அதிகம். அக்டோபரிலிருந்து ஏப்ரல்வரை நல்ல காலம், அதிலும் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், ஆற்றுத் தண்ணீர் உள்ளே வரும் முனையில் பார்பல் நன்றாக எடுக்கும். தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பிக் குளிர் வந்தால் அன்றைக்குக் கிளம்ப வேண்டாம்.

ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இங்கே நம் மக்கள் புரட்டாசியை விடாமல் பிடிக்கிறார்கள், மாசம் முழுக்கக் கவிச்சி இல்லை. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. இந்த மண்ணில் அது வசந்தம். ஸ்கேலி ஆற்றில் ஏறத் தயாராகும், ஜிலேபி குழி தோண்டத் தொடங்கும் நேரம். ஊரில் எந்தக் காரணத்துக்கு வந்த விரதமோ, இங்கே மீனுக்கு நன்றாகவே பொருந்திவிட்டது.

மூணு தடவை போனேன், ஒண்ணும் மாட்டல. டேம்ல மீனே இல்லன்னு எல்லாரும் சொல்றாங்களே, உண்மையா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. உண்மையில்லை. முதலில் எங்கே வீசினீர்கள் என்று பாருங்கள். புதிதாக வருகிறவர்கள் பலம் கொண்ட மட்டும் நடு அணைக்கு வீசுவார்கள். வெயில் காலத்தில் மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர் என்று இரண்டு அடுக்காக நிற்கும். ஆழத்து அடுக்கில் மூச்சுக்காற்று குறைந்துபோகும், மீன் அங்கே தங்காது. இரையும் நிழலும் இருப்பது ஓரத்தில். நாணல் விளிம்பு, மூழ்கிய மரம், பாறை இறங்கும் இடம், அங்கே போடுங்கள், சத்தமில்லாமல்.

சரி, உண்மையிலேயே எவ்வளவு மீன் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆராய்ச்சிக்காரர்கள் செய்யும் ஒரு வழி எளிமையானது. 50 மீன் பிடித்து அடையாளம் போட்டு விடுகிறார்கள் என்று வையுங்கள். சில நாள் கழித்து 40 பிடிக்கிறார்கள், அதில் 5-ல் அடையாளம் இருக்கிறது. எட்டில் ஒன்று அடையாளம் உள்ளது என்றால், போட்ட 50-ம் மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு, ஆக மொத்தம் சுமார் 400. இடையில் மீன் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது, அடையாளம் போட்டது மற்றவற்றோடு நன்றாகக் கலந்திருக்க வேண்டும், அப்போதுதான் கணக்கு நிற்கும்.

நாம் செய்யக்கூடியது ஒரு நோட்டு. தேதி, எத்தனை மணி நேரம் தூண்டில் தண்ணீரில் இருந்தது, என்ன மீன், எவ்வளவு நீளம். நாலு மணி நேரத்தில் இரண்டு மீன் என்றால் மணிக்கு அரை. இந்த வருஷ நவம்பரைப் போன வருஷ நவம்பரோடு ஒப்பிடுங்கள், ஜூலையோடு ஒப்பிடாதீர்கள். ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால் நோட்டு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

கிடைக்கிறதெல்லாம் கையளவுகூட இல்லாத பொடி ஜிலேபி. ஏன் பெருசாகல?

கூட்டம் அதிகமானால் இப்படி ஆகும். மேலே சொன்ன மாதிரி தாய் வாயிலேயே காப்பாற்றுவதால் குஞ்சுகள் பெருமளவு பிழைத்துவிடும். வெயில் காலத்தில் ஒரே மீன் பல தடவை முட்டையிடும். இரை போதாத இடத்தில் உடம்பை வளர்ப்பதை விட்டு, சின்ன அளவிலேயே இனப்பெருக்கத்தைத் தொடங்கிவிடும். அதைத் தின்னும் பெரிய பார்பலையும் நாம் பிடித்துக்கொண்டே போனால் கூட்டம் இன்னும் கூடும்.

அதனால் நான் செய்வது: உரிமம் அனுமதிக்கும் அளவுக்குள் நடுத்தர ஜிலேபியைக் குழம்புக்கு எடுப்பேன், மிகப் பெரியதை விடுவேன். பெரிய பார்பலையும் விடுவேன். பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்க எல்லாருக்கும் ஆசை, எடுங்கள், ஆனால் பையில் போட வேண்டியது அது இல்லை.

குழம்பு வெச்சா மண்வாடை வருது, என்ன செய்றது?

அந்த வாடை சேறு இல்லை. தண்ணீரில் வளரும் சில நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருள், முதல் மழையில் மண் மணப்பதும் இதனால்தான். மீனின் தோலிலும் கொழுப்பிலும் சேரும். புளிப்பு அதை உடைக்கும். தோலை உரித்து, வயிற்றோரக் கொழுப்பையும் உள்ளே இருக்கும் கறுப்புச் சவ்வையும் சுரண்டி எடுத்து, கெட்டிப் புளிக்கரைசலில் அரைமணி ஊறவைத்துக் கழுவுங்கள். நம் பாட்டிகள் மீன் குழம்புக்குப் புளி கரைத்ததில் இந்தக் காரியமும் நடந்துகொண்டிருந்தது. இங்கத்து டர்பன் மீன் கறியும் புளியில்தான் நிற்கிறது.

தண்ணிக்குள்ள இறங்கி நிக்கலாமா? முதலை பயம் இருக்கா?

முதலையைப் பற்றி வாசலில் இருக்கும் பலகையைப் படியுங்கள், காவலரைக் கேளுங்கள், நேட்டால் ஆறுகள் முதலைக்கும் சொந்தம். நான் அதைவிட அதிகம் பயப்படுவது பில்ஹார்சியாவுக்கு. ஆழமில்லாத, வெதுவெதுப்பான, செடி நிறைந்த தண்ணீரில் ஒருவகை நத்தையிலிருந்து வரும் புழு, தோல் வழியாக உடம்புக்குள் போகும், போகும்போது தெரியாது. சிறுநீரில் ரத்தம் வந்தால் மருத்துவரிடம் டேமில் இறங்கியதைச் சொல்லுங்கள். மாத்திரை இருக்கிறது, சரியாகிவிடும். பிள்ளைகளைக் கரையில் விளையாடவிடும்போது இது ஞாபகமிருக்கட்டும்.

விடியக்காலைல மீனெல்லாம் மேல வந்து வாயத் தெறந்து தெறந்து மூடுது. வலை போட்டு அள்ளலாமா?

வேண்டாம். அது மூச்சு முட்டும் மீன். பகலில் பாசி மூச்சுக்காற்றைத் தரும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். மேகமூட்டம் சில நாள் நீடித்தாலோ, மழையில் கழிவு அடித்துக்கொண்டு வந்தாலோ, விடியும் நேரத்தில் தண்ணீரில் காற்று அடிமட்டத்துக்குப் போய்விடும். வெயில் ஏறினால் பெரும்பாலும் சரியாகும்.

பார்பலைப் பாருங்கள். அதற்கு வெளிக்காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு இருக்கிறது, அதனால் மூச்சுக்காற்றுக் குறைவு மட்டும் அதைச் சுலபத்தில் கொல்லாது. ஜிலேபி, கார்ப்போடு பார்பலும் செத்து மிதந்தால் விஷம் கலந்ததோ என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு மீனையும் தொடாமல் அணை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் கொர்னூபியாவில் இரசாயனக் கிடங்கு எரிந்து, பக்கத்து உம்லங்கா கழிமுகத்தில் மீன் செத்து ஒதுங்கியதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செத்து மிதக்கும் மீன் இலவசம் என்று யாரும் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

நாலு பாஸ் உயிரோட கொண்டுபோய் நண்பரோட பண்ணைக் குட்டைல விடலாம்னு இருக்கேன். தப்பா?

தப்பு, சட்டப்படியும். வேற்று நாட்டு மீனை அனுமதியில்லாமல் உயிரோடு கொண்டுபோய் இன்னொரு தண்ணீரில் விட இந்த நாட்டின் பல்லுயிர்ச் சட்டம் இடம் தரவில்லை. குட்டை ஒருநாள் மழையில் வழியும், வழிந்தது ஓடையில் சேரும், ஓடையில் இருக்கும் சின்ன உள்ளூர் மீன்கள் பாஸ் மாதிரி ஒன்றைக் கண்டதே கிடையாது, ஒளியத் தெரியாது. ஸ்கேலிக் குஞ்சுகள் வளரும் இடமும் அதுதான். வீட்டுத் தொட்டி மீனை அணையில் விடுவதற்கும் இதே பதில்.

ஜிலேபியில கலப்பினம் வந்துடுச்சாமே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வடக்கே லிம்போபோ ஆற்றுப் பக்கம் நைல் ஜிலேபி கலந்துவிட்டது. வேகமாக வளரும் என்று பண்ணைக்குக் கொண்டுவந்தது, தப்பித்து, நம் ஜிலேபியோடு இனம் சேர்கிறது, பிறக்கும் கலப்பும் குஞ்சு பொரிக்கும். உலகம் முழுக்கக் குளங்களில் பெருகிக் கிடக்கும் இந்த மீன், அதன் பிறந்த வீட்டில் இப்படித் தன் இரத்தத்தை இழந்து வருவதால், அழிவுக்கு ஆளாகக்கூடியவை என்ற சர்வதேசப் பட்டியலில் இருக்கிறது. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

வால் துடுப்பைப் பாருங்கள். நைல் ஜிலேபிக்கு வாலில் குறுக்குக் கோடுகள் வரிசையாக, தெளிவாக இருக்கும். நம்முடையதற்கு அப்படி இருக்காது. முட்டையிடும் காலத்து ஆண் மீன் உடம்பு கறுத்து, தொண்டை வெளுத்து, துடுப்பு விளிம்பு சிவந்திருக்கும். கலப்பில் இரண்டும் குழம்பி வரும், கண்ணால் அடித்துச் சொல்ல முடியாது. கோடு போட்ட வால் கிடைத்தால் படம் எடுத்து எசெம்வெலோவுக்கு அனுப்புங்கள், திரும்ப விடாதீர்கள்.

பிடிச்சுட்டு விட்டா பொழைக்குமா, இல்ல அப்புறம் செத்துடுமா?

கையாளுவதைப் பொறுத்தது. கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள், உலர்ந்த கை பட்டால் மேலே இருக்கும் வழுவழுப்பு போய், பூசணம் பிடிக்கும். மணலில் போடாதீர்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் அமுக்கிவிட்டால் ஒரு திருகில் கழன்று வரும். ஆழமாக விழுங்கியிருந்தால் இழுக்காமல் தங்கூஸை அறுத்துவிடுங்கள். கார்ப்பும் பார்பலும் தாங்கும். ஸ்கேலி கடைசிவரை போராடிக் களைத்துவிடும், அதைத் தண்ணீருக்குள்ளேயே வாய் ஆற்றுப் பக்கம் பார்க்கப் பிடித்து, தானாக உதறிப் போகும்வரை காத்திருங்கள்.

செவுத்த உயர்த்துற திட்டம் வந்துச்சே, இனிமே மீன் கூடுமா, கொறையுமா?

அணையின் கொள்ளளவைக் கூட்டச் சுவரை 7 மீட்டர் உயர்த்தும் திட்டம் இது, பல வருஷமாக இழுத்தது. தண்ணீர் புதிதாகப் புல்லின்மேல் ஏறும்போது மீனுக்கு விருந்து: புழு, பூச்சி, அழுகும் புல்லின் சத்து, குஞ்சுகளுக்கு ஒளிய இடம். புதிதாக நிறையும் அணைகளில் முதல் சில வருஷம் மீன் கொழிப்பதும், அந்தச் சத்து தீர்ந்ததும் இறங்கி நிலைப்பதும் எல்லா ஊரிலும் பார்த்தது. அதனால் சில வருஷத்துக்கு நல்ல நம்பிக்கை உண்டு.

எனக்குக் கவலை மேலிருந்து வரும் மண். ஆற்றில் மணல் அள்ளுவதும், 2022 ஏப்ரல் வெள்ளம் மாதிரி ஒன்று கரையைப் பெயர்த்துக்கொண்டு வருவதும், அணையைத் தூர்த்து, ஸ்கேலி முட்டையிடும் கூழாங்கல்லையும் மூடிவிடும். கார்ப்புக்கும் பார்பலுக்கும் கலங்கல் பொருட்டில்லை, பாஸும் ஸ்கேலியும் குறையும்.

ஜிலேபியின் அடுத்த வருஷத்தை நீங்களே பார்த்துச் சொல்லலாம். நவம்பரில் ஓரமாக நடந்து, அந்தத் தட்டு மாதிரிக் குழிகளைத் தேடுங்கள். குழிகளுக்கு மேல் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால், பிப்ரவரியில் நாணலோரம் விரல் நீளக் குஞ்சுகள் கூட்டமாகத் தெரியும். குடிநீருக்கு வேகமாக இறைத்துக் குழிகள் வெயிலில் காய்ந்து கிடந்தால், அந்த வரிசை முழுக்க அந்த முறை வீணானது. போன முறை நான் எண்ணியபோது கிழக்குக் கரையில் முப்பத்தொரு குழி, இருபத்தாறு தண்ணீருக்குள்.